பேரை மட்டும் மாற்றினேன்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதினேன். பக்கத்து மெஷினில் பென்னலூர் ஏழுமலை. இடது கண் தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அளவு பார்க்கும்போது கோழி மாதிரி கழுத்தைச் சாய்ப்பான். பேரை மட்டும் மாற்றி, கண்ணையும் கழுத்தையும் அப்படியே கதையில் வைத்தேன். வார இதழில் வந்தது. "அந்தக் கழுத்து பிரமாதம்" என்று ஆசிரியர் கடிதம் போட்டார்.

சூப்பர்வைசரும் படித்தார். ஏழுமலையைக் கூப்பிட்டு வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். அன்றே வேலை போனது.

கேட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவன் கேட்டான்: "பேர மாத்துனல்ல? கழுத்தயும் மாத்தியிருந்தா உன் கதைல இன்னா கொறஞ்சிருக்கும்?"

கதையே இருந்திருக்காது. நேரமாகிறது என்று மெஷினுக்குத் திரும்பினேன்.

ஆசிரியரின் கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.