வாசித்துக் காட்டாத வரி

குன்னூரில் நான் பல் பிடுங்கப் போன கிளினிக்கில், நோயாளிகளின் குறிப்புகளை எழுதுவதற்கென்றே ஒரு அம்மா இருந்தார். மெரூன் ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. டாக்டர் சொல்லச் சொல்ல எழுதுவார். ஒவ்வொரு வரியையும் நமக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

"கீழ இடது கடைவாய்ப் பல்லு, மூணு நாளா வலி. சரிங்களா?"

"வலி பல்லுக்குத்தானுங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்காமல் எழுதினார். ஊசியைப் பார்த்ததும் இன்னும் நாலு ஜோக் சொன்னேன். அடுத்தது வருவதற்குள் எழுந்து, அவசர வேலை என்று ஓடிவந்து பஸ் ஏறிவிட்டேன். என் ஊர் கட்டபெட்டு. ஏறியதோ எதிர்த் திசையில் போகும் குந்தா பஸ்.

வலி தாங்காமல் மறுவாரம் திரும்பிப் போனேன். மேசையில் என் குறிப்பு அட்டை திறந்திருந்தது. எனக்கு வாசித்துக் காட்டாத வரி ஒன்று அதில் இருந்தது: 'ஜோக் அடித்தால் பயப்படுகிறார் என்று பொருள். அது ஓயும்வரை ஊசியை எடுக்க வேண்டாம்.'

"ஏனுங்க, இதை மட்டும் ஏன் வாசிச்சுக் காட்டலை?"

"காட்டியிருந்தா அதுக்கும் ஒரு ஜோக் சொல்லியிருப்பீங்க."

உண்மையில், தொண்டைவரை ஒன்று வந்துவிட்டிருந்தது. அதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகே ஊசி வெளியே வந்தது.

பல்லைப் பிடுங்கியதும் அந்த அம்மா அட்டையில் இன்னொரு வரி எழுதினார். அதையும் வாசித்துக் காட்டவில்லை. வாயில் பஞ்சைக் கடித்திருந்ததால் அது என்னவென்று என்னாலும் கேட்க முடியவில்லை.