நோட்டீஸில் கூடுதலாக ஒரு வரி

கணபதி விசர்ஜனத்தன்று புனேயில் போபோடி முழுக்க ரோட்டை அடைத்திருந்தார்கள். ரிக்‌ஷா கிடைக்காமல் ஆரோக்கியசாமி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். ஜபல்பூருக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். கைக்குழந்தையோடு வாசலில் நின்ற அவன் மனைவி பவுன், அவன் திரும்பிப் பார்ப்பானென்று எட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு பிள்ளையார் வந்து மறைத்துக்கொண்டார்.

அங்கே அவனுக்கு வேறொருத்தி அமைந்துவிட்டாளென்று பிறகு தெரிந்தது. வக்கீல் எழுதிப் போட்ட மனுவின் பேரில், பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டச் சொன்னது கோர்ட். அவன் கட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை. சந்தில் யார் கேட்டாலும் பவுன், "அவரு டூட்டில இருக்காரு" என்பாள்.

மகள் ஜெனிபருக்கு ஏழு வயதில் இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆஸ்பத்திரியில் அரசு உதவியைக் கவனிக்கும் வைஜயந்தி மேடம், "அப்பா எங்கே?" என்றதும் பவுனுக்குப் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"டூட்டில இருக்காரு, மேடம்."

"சம்பளம் வர்றதா? அப்ப இந்த உதவி கிடைக்காதேம்மா."

கூட வந்த பக்கத்து வீட்டு ஜமீலா தலையிலடித்துக்கொண்டாள். "டூட்டியாம் டூட்டி! ஆறு வருசமா முடியாத டூட்டி! உள்ளதச் சொல்லுடி."

பவுன் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்: "விட்டுட்டுப் போயிட்டாரு."

மேடம் வேறொரு படிவத்தை எடுத்தாள். பிறகு, "ஆபரேஷன் செலவை இப்ப அரசாங்கம் குடுத்துடும். அப்புறம் கோர்ட் வழியா அவர் சம்பளத்துல பிடிச்சுப்பா. அவருக்கு நோட்டீஸ் போகும். சம்மதமா?" என்றாள்.

"அவரு கைக்கே போகுமா, மேடம்?"

"கையெழுத்து வாங்கிண்டுதான் குடுப்பா."

"அப்ப, புள்ளைக்கு மூச்சு முட்டுது, உக்காந்துக்கிட்டேதான் தூங்குதுன்னு எழுதுங்க. அவருக்குத் தெரியாது."

"அதெல்லாம் நோட்டீஸ்ல எழுத மாட்டாம்மா."

சொன்னாளே தவிர, நோயின் பெயருக்குக் கீழே மேடம் ஒரு வரி கூடுதலாக எழுதத்தான் செய்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜெனிபர் பள்ளிக்கூடத்துக்கு ஓட ஆரம்பித்தாள். பவுன்தான் போனைக் கீழே வைக்கவில்லை.

"பணத்த புடிச்சா புடிக்கிறாங்க, ஒனக்கென்ன? போனையே மொறைச்சுக்கிட்டிருக்க?" என்பாள் ஜமீலா.

இரண்டு மழைக்காலம் போனது. பக்கத்திலிருக்கும் தாபோடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மாவுக் கையோடு அதை அழுத்திக் காதில் வைத்தாள்.

"சம்பளத்துல புடிச்சிட்டாங்க. புடிக்கட்டும். பவுனு... பாப்பா இப்ப படுத்துத் தூங்குதா?"