மண்மேட்டு ஏற்றத்தில் இறங்காமல்

இன்று ஷிஃப்ட் இல்லை. சைக்கிளோடு மண்மேட்டுக்குப் போனேன். சுரங்க மண்ணைக் கொட்டி, மரம் வளர்த்துக் காடாகிவிட்ட மேடு அது. கீழே இரண்டு ஏரிகள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரமாக முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்.

இன்றும் பாதியில் சரளை சறுக்கிக் காலை ஊன்றிவிட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த அக்கா கேட்டார்:

"ஏம்மா, வாரா வாரம் தள்ளிக்கினே போறியே, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குதுக்கா. முட்டிதான் சரியில்ல."

"அப்ப தள்ளிக்கினே போ. யாரு கேக்கப் போறாங்க?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அடிவாரத்துக்கே திரும்ப இறங்கினேன். கியரைக் குறைத்து மறுபடி மிதித்தேன். வளைவில் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அக்கா ஆடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "மிதி, மிதி, நிக்காத!" என்று கத்தினார்.

நிற்கவில்லை. உச்சியில் இரண்டு ஏரியும் தெரிந்தன. கொஞ்சம் அழுதேன்.

பின்னாலேயே ஏறி வந்த அக்கா என்னையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணிய பாக்கவா இவ்ளோ பாடு? அந்தப் பக்கம் தார் ரோடே இருக்குதேம்மா."

ரோடு இருப்பது எனக்கும் தெரியும். பிறகு ஏன் இந்த வழி என்று அவருக்குப் புரியவைக்க யாரிடமாவது பதில் இருந்தால் எழுதுங்கள். அடுத்த வாரமும் கேட்பார்.