பலகைக்கு நான் வைத்த பொட்டு

பக்கத்து வீட்டில் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து டர்பன்டைன் வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த வந்தாள். "கெடக்கட்டும், சாத்தாதே" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் தலை வலிக்கும். எனக்கு மேளம் கேட்கும். நையாண்டி மேளம். நம்ப மாட்டீர்கள், வலது கால் கட்டைவிரல் இப்போதே கட்டிலுக்கு வெளியே ஆடத் தொடங்கிவிட்டது. எண்பதைத் தாண்டியவளுக்கு இது தேவையா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? காலிடம் கேளுங்கள்.

இந்தக் கோளாறு என் வீட்டுக்காரரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் தென்காசியில் பலகை எழுதுகிற பெயிண்டர். கடைப் பலகை, லாட்ஜ் பலகை, லாரியின் முதுகு, எது வந்தாலும் எழுதுவார். நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். தேரடிக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். சாரல் காலத்துத் தென்காசிக் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டாம், கோபுர வாசலில் நின்றால் ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் வருகிற தூசியெல்லாம் ஈரப் பெயிண்டில்தான் வந்து உட்காரும். பலகைக்கும் காற்றுக்கும் நடுவில் பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதுதான் என் முதல் உத்தியோகம். அப்புறம் மெல்ல மெல்லப் பிரஷ்ஷும் கைக்கு வந்தது. அவர் எழுத்தின் ஓரத்தைக் கட்டிவிட்டுப் போவார். உள்ளே நான் நிரப்புவேன். அந்தக் காலத்துத் தென்காசிக் கடைவீதிப் பலகைகளில் பாதி என் கை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சம் வேறு இடத்தில் இருந்தது. எனக்கு எழுத்தை நிரப்பத் தெரியும். அது என்ன எழுத்து என்று தெரியாது. அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த சமாச்சாரம்.

அவருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. மற்ற பெயிண்டர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுவார்கள். இவர் நின்றுதான் எழுதுவார்; நிற்பதென்பதும் பேச்சுக்குத்தான். ஒரு எழுத்துக்கு இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால். சோறு தின்னும்போதும் முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும், இலையில் ரசம் ஓடும். எழுத்துகளை முதலில் முடித்துவிடுவார். புள்ளிகளை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார். எல்லாம் காய்ந்த பிறகு சின்னப் பிரஷ்ஷை எடுத்து, குதிகாலைத் தட்டிக்கொண்டே, டக் டக்கென்று வரிசையாக வைத்துக்கொண்டு போவார்.

"கொஞ்சம் உக்காந்துதான் வையுங்களேன்" என்பேன்.

"ஏட்டி, நான் உக்காந்து வச்சா புள்ளியும் உக்காந்துக்கிடும்" என்பார்.

மேலகரத்திலோ வடகரையிலோ அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. சத்தம் போதும். சலங்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மேளத்துக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார். யார் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்பதே தெரியாது. வியர்வை காய்ந்த பிறகுதான் வீடு ஞாபகம் வரும்.

நான் பிறந்தது கடையத்தில். வயல், தோப்பு, மாடு கன்று என்று மரியாதையாக இருந்த வீடு. அண்ணன் போலீஸில் ஏட்டு. தங்கை புருஷன் தெருவில் ஆடுகிறான் என்பது அவனுக்குத் தொண்டையில் முள்.

"மாப்ள, பிரஷ் பிடிக்கிற கையோட மட்டும் வரப்படாதா? அந்தக் காலை எங்கனயாவது வச்சுட்டு வாரும்" என்பான்.

"கால வச்சுட்டு எப்படி அத்தான் கடையம் வரைக்கும் வாரது?" என்பார் இவர். எனக்குச் சிரிப்பு வரும். அண்ணன் சிரிக்க மாட்டான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசனுக்கு அண்ணனின் மாமனார் குற்றாலத்தில் பலசரக்குக் கடை திறந்தார். பலகை எங்கள் பட்டறைக்கு வந்தது. நீலத்தில் மஞ்சள் எழுத்து. எழுதி, நிரப்பி, காய்ந்தும் போனது. புள்ளி மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் மேளம். "இந்தா, வந்துருதேன்" என்றார். துண்டும் இல்லை, சலங்கையும் இல்லை, ஆளும் இல்லை.

வெகுநேரமாகியும் வரவில்லை. வண்டிக்காரர் வந்துவிட்டார். "யக்கா, பலகை ரெடியா? நல்ல நேரம் தப்பிரும்னு ஏட்டையா பறக்காரு." வேலை முடியவில்லை, அவர் ஆடப் போயிருக்கிறார் என்று என் அண்ணனுக்குச் சொல்லியனுப்ப எனக்கு மனமில்லை. சின்னப் பிரஷ்ஷை எடுத்தேன். கொம்பும் காலும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு அவர் புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. மற்றவற்றுக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். எதற்கு வைக்கிறார், எதை விடுகிறார் என்று கவனித்ததில்லை. திறப்புக்குப் போகிற பலகை வெறும் நெற்றியோடு போகலாமா? மொட்டையாக இருந்த எழுத்துக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தேன். கோலப்புள்ளி வைத்துப் பழகிய கை, எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. வண்டிக்காரரும் படிக்காதவர். "லெட்சணமா இருக்குக்கா" என்றார். அதே வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

குற்றாலத்தில் பலகையைத் தூக்கி மாட்டிச் சாக்கை உருவினார்கள். 'பலசரக்குக் கடை' என்று இருக்க வேண்டியது 'ப்ல்ச்ர்க்குக் க்டை' என்று இருந்தது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அருவியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் பல் கிட்டிப் பேசுவது போலிருக்கும். ஈரத்துண்டோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று படித்தார்கள். ஒருவர், "அண்ணாச்சி, காப்படி க்டுகு குடுங்க" என்றார். இன்னொருவர், "அவருக்குக் குளிருது, மொதல்ல தொவட்டி விடுங்கப்பா" என்றார். கூட்டமே சிரித்தது. மாமனார் முன்னால் என் அண்ணன் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார், தோளில் சலங்கை மூட்டையோடு.

"யாரு வச்ச புள்ளிலே இது?" என்றான் அண்ணன். மாப்பிள்ளையை அவன் 'லே' போட்டது அன்று ஒருநாள்தான்.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் விரலில் மஞ்சள் பெயிண்ட். கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"நான்தான் அத்தான்."

"ஆடுன காலோட வந்து வச்சியோ?"

"ஆமா."

நான் வாயைத் திறந்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால், எனக்கு எழுத்து தெரியாது என்கிற வார்த்தை வரவில்லை. அண்ணன் அவரைக் கையோடு சித்திர சபைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுவரெல்லாம் எழுதிய சாமிகள். நடுவே ஆடுகிற கோலத்தில் நடராசர். ஆடுகிற சாமிக்கு முன்னால், இனிமேல் சலங்கை கட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். அவரும் செய்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஸ்டூல் ஒன்று வாங்கி வந்தார். உட்கார்ந்து எழுதினார். எழுந்து வாசல்வரை போவார், திரும்பி வருவார், குடிக்காமலே தண்ணீர்ச் செம்பைக் கீழே வைப்பார். அந்த வருஷம்தான் நான் வீம்புக்கு எழுத்துப் படித்தேன். பிறத்தியாருக்குப் பலகை, எனக்கு அதுதான் பாடப்புத்தகம்.

அடுத்த கொடைக்கு மேளம் எங்கள் தெருவழியாகவே போனது. அவர் பெயிண்ட் டப்பா அடுக்கிய அலமாரியில் சாய்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் அசையவில்லை. ஆனால் டப்பாக்கள் அத்தனையும் கிணுகிணுவென்று ஆடின. மேளம் போய் வெகுநேரம்வரை ஆடின.

மறுநாள் காலையில் தனியாகப் பஸ் ஏறிக் கடையம் போனேன். அண்ணன் பெல்ட்டுப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ளி நான் வச்சது. எனக்கு அப்ப எழுத்து தெரியாது" என்றேன்.

அவன் கை நிற்கவில்லை. "சரி. வைக்க வேண்டியவன் ஏன் அங்கன இல்ல? ஆடத்தானே போனான்?"

"ஆமா, ஆடத்தான் போனாரு. இனியும் போவாரு."

"அப்பம் நீ இந்த வாசப்படிய மிதிக்காத."

"மிதிக்கல" என்றேன். மதினி கொண்டுவந்த காப்பி அவள் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து சலங்கையை எடுத்தேன். "சத்தியம் பண்ணியிருக்கேனே ஏட்டி" என்றார். "பண்ணாத தப்புக்குப் பண்ணுன சத்தியம். யாரு வச்ச புள்ளின்னு சாமிக்குத் தெரியாதா? கால நீட்டுங்க" என்று நானே கட்டிவிட்டேன். ஒரு முடிச்சு சரியாக விழவில்லை. அவர் குனிந்து அதை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

எண்பது வயதுவரை ஆடினார். தொண்ணூறை நெருங்கிப் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் விரல்கள் மட்டும் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் அவருக்கு வெகுகாலம் முந்திப் போய்விட்டான். செய்தி வந்த அன்று, "போயிட்டு வா" என்றார் இவர். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடையம் பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. தேடிக்கொண்டு வந்தவர், "ஏறலியா?" என்றார். "இல்ல" என்றேன். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அன்றைக்கு மட்டும் அவர் நடை வெறும் நடையாக இருந்தது.

போன மாதம் பேரன் என்னைப் பாபநாசத்துக்குக் காரில் கூட்டிப் போனான். கடையம் வருமுன்பே, "இங்கன எங்கயும் நிறுத்தாதலே" என்று சொல்லிவைத்தேன். சொல்லிவிட்டு நான்தான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் தெரு திரும்புகிற மூலையில் செங்கல் லாரி நின்றது. அதற்குப் பின்னால் வீடு இல்லை. இடித்து நிரவி, கயிறு கட்டி, கடைகளுக்கு அஸ்திவார வானம் தோண்டியிருந்தார்கள். அறுபது வருஷமாக மிதிக்கமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்த வாசற்படி அங்கே இல்லை.