முதல் மழைக்கு மறுநாள்

போன ஞாயிறு காலை ஒரு நண்டைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். ஏறி வந்தது. மறுபடி தள்ளினேன்... மறுபடியும் ஏறி வந்தது. நண்டுக்குத் தண்ணீர் பிடிக்காமல் போகுமா என்ன?

முந்தின நாள் சாயங்காலம்தான் கோடையின் முதல் மழை. மயிலாப்பூரே ஜன்னலைத் திறந்துவைத்து பஜ்ஜி சாப்பிட்டது. மறுநாள் வெளுக்கும் நேரம், பட்டினப்பாக்கத்தைத் தாண்டி அடையாறு கடலில் சேரும் இடம் வரை நடந்தேன்.

ஆற்றில் அசைவே இல்லை. ஆனால் நீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். தூறலோ என்று அண்ணாந்து பார்த்தேன். வானம் காய்ந்து கிடந்தது. குனிந்தால்... வாய்கள்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குரலில்லாத பிரார்த்தனைக் கூட்டம். கரைக்கற்களிலோ ஒன்றின் மேல் ஒன்றாக நண்டுகள். எல்லாமே ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஸ்டெல்லா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கூடவே கூடையோடு அவர் தம்பி அந்தோணி. அன்று மதியம் ஸ்டெல்லாவின் மகளுக்கு நிச்சயம், என்னையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளை வீடு காசிமேடு. அவர்களும் மீனவர்கள்தான். காற்று சரியில்லாமல் இரண்டு நாளாகப் படகு எதுவும் போகவில்லை. மீனவர் வீட்டு நிச்சயத்தில் ஐஸ் மீனா போடுவது? மானம் என்ன ஆவது?

"மாதாவே அனுப்பிச்சுக்கீது சார்! வலையே வாணாம், கையாலயே அள்ளிக்கினு கீறோம்" என்றார் அந்தோணி.

ஸ்டெல்லா ஒரு மடவை மீனின் செவுளைப் பிரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. "பாத்துக்க சார். இதவிட ஃப்ரெஷ்ஷா எவன் குடுப்பான்?" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இன்னாடா இது... துள்ளவே மாட்டேங்குது?"

மீனைத் தண்ணீரில் விட்டார். அது போகவில்லை. மெல்லத் திரும்பி, அவர் உள்ளங்கைக்கே வந்து படுத்தது. தள்ளிவிட்டார். திரும்ப வந்தது — வீடு வந்து சேர்ந்த பிள்ளை மாதிரி.

ஸ்டெல்லா கையை வெடுக்கென்று உதறினார். "டேய் அந்தோணி, இது நம்மகிட்ட வர்லடா. தண்ணிய வுட்டு ஓடியாருது."

"வந்தா வர்ட்டும்! கொயம்புல போட்டா யாருக்குத் தெரியப்போவுது? மாப்ள வூட்ல காறித் துப்புவாங்கக்கா!"

"துப்பட்டும். நம்பி வந்து குந்துறவங்க வவுத்துல போற சோறுடா அது."

கூடை கவிழ்ந்தது.

இந்த ஆறு வரும் வழியெல்லாம் ஒரு காலத்தில் வயல், ஏரி. மழை அங்கே தங்கும், மண்ணில் ஊறும், வடிகட்டிக்கொண்டு நிதானமாக வரும். இப்போது? ஃப்ளாட், பார்க்கிங், டைல்ஸ் பதித்த வாசல். மழைக்கு உட்கார இடமில்லை — ஓடுகிறது! கோடை முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெய், டயர் தூள், கால்வாயில் தேங்கிய சாக்கடை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி ஒரே மூச்சில் ஆற்றில் இறக்குகிறது. அந்த அழுக்கு மக்கும்போது நீரில் கரைந்திருக்கும் காற்றை உறிஞ்சிவிடுகிறது. மீனுக்கு மிச்சம்?

மதியம் ஆற்றங்கரையை ஒட்டிய ஸ்டெல்லா வீட்டில் பந்தி. இலையில் சாம்பார், உருளைக்கிழங்கு. மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். "இன்னா சம்மந்தி, கடலாண்ட வூடு... சாம்பாரா? எங்களுக்கு மீனு போட மனசு வர்லியா?"

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். மணப்பெண்ணின் முகம் வெளிறியது.

ஸ்டெல்லா சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். அந்த அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பிப் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தார். வெயிலில் ஆறு பளபளத்தது. கரையிலிருந்து கரைவரை வெள்ளை வயிறுகள்.

அந்த அம்மா வாசற்படி வரை போய் எட்டிப் பார்த்தார். பிறகு தானே கதவைச் சாத்திவிட்டு வந்து, இலை முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்துமா."