ஐஸ் பெட்டிக்குள் முகம்

என் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும். காரணமே வேண்டாம். சும்மா உட்கார்ந்து இறால் பிரிக்கும்போதுகூட ஓடும். அது நின்றாலும், அடுத்து எப்போது என்ற பயம் மட்டும் நிற்பதில்லை. யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கு ஒரு நரம்பு போகிறதாம், வேகஸ் என்று பெயர். அதை உசுப்பினால் இதயத்தின் ஓட்டம் அடங்குமாம். மூக்கைப் பொத்தி, வாயை மூடி முக்க வேண்டும். அதற்குக் கேட்காவிட்டால் மூச்சை அடக்கி ஐஸ் தண்ணீரில் முகத்தை வைக்க வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் திரும்பும்போதே சிரித்தார்.

"மூஞ்ச கழுவுனா நெஞ்சு அடங்குமா? இன்னாமே வைத்தியம் இது!"

போன கோடையில் ஒருநாள் அவருக்குத் துணையாக இறால் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது தண்ணீர் வற்றிய இடத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. நானும் இறங்கித் தள்ளினேன். ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. முக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் எங்கோ தூரத்தில் தெரிந்தது. இங்கேயே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் ஐஸை அள்ளி என் நெஞ்சில் வைத்துத் தேய்த்தார். ஓடுவது நெஞ்சுதானே, பாவம், அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

"அங்க இல்லய்யா, மூஞ்சில!" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

பெட்டியில் இருந்த இறாலை எல்லாம் வாரிப் படகுப் பலகையில் போட்டார். அடியில் ஐஸும் உருகிய தண்ணீரும் கிடந்தன. மூச்சை அடக்கி முகத்தைப் புதைத்தேன். தங்கிப்போன இறால் ஒன்றின் மீசை கன்னத்தில் குத்தியது. நெஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒன்றுமே இல்லை. ஐயோ, நின்றேபோய்விட்டதே என்று பதறினேன். பிறகு ஒரே ஒரு இடி. அடுத்தது நிதானமாக வந்தது.

முகத்தைத் தூக்கி மூச்சு விட்டேன். எதிரே அவர் மண்டியிட்டிருந்தார். கன்னம் உப்பி, முகம் கறுத்து, கண் பிதுங்கியிருந்தது. நான் விட்ட பிறகுதான் அவரும் புஸ்ஸென்று மூச்சு விட்டார்.

"நீ எதுக்குயா மூச்ச புடிச்சினு இருந்த?"

"தெரில," என்றார். "நீ வுடுவியான்னு பாத்துனு இருந்தேன்."