சுடலைமுத்து அண்ணன் நிற்கும் கடை

அன்று அந்தக் குளிர்ந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்: நான், என் சிநேகிதி பேச்சியம்மாள், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் முருகையா அண்ணாச்சி. நாலாவதாக என் அண்ணன் சுடலைமுத்துவும் இருந்தான் என்றால் சிரிப்பீர்கள். அவன் அப்போது பட்டாளத்தில், எங்கோ வடக்கே பனிமலையில் இருந்தான்.

வெளியே குற்றாலத்துச் சாரல் தென்காசி ரத வீதி வரை வந்து தூறிக்கொண்டிருக்க, வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளின் ஈர ரப்பர் வாடை ஏ.சி. காற்றோடு கலந்து கிடந்தது. எண்பதுகளின் கடைசி. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட என்னை, மாதாமாதம் ‘மணியார்டர்’ அனுப்பி அந்த வகுப்பில் சேர்த்தவன் அண்ணன். அவனிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை.

பாடம் முடிந்ததும் அண்ணாச்சி ஒரு விளையாட்டைப் போட்டுத் தருவார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும், படமே கிடையாது. கோடுகள்தான் சுவர், புள்ளிகள்தான் தரை, சுழித்த ஒரு குறிதான் நாம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பூதம். பாதாளத்துக்குள் தளம் தளமாக இறங்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதாளம் புதிதாக அமையும். செத்தால் செத்ததுதான், ஒரு கல்லறையை வரைந்து அதில் நம் பெயரையும் எழுதிவிடும்.

பேச்சி இரண்டாம் தளத்திலேயே செத்தாள். “ஏட்டி, எனக்குக் கல்லறையே கட்டிட்டான் பாரு! பேரக்கூட தப்பில்லாம போட்டிருக்கான்” என்று சிரித்தாள்.

அடுத்து என் முறை. பெயர் கேட்டது. எங்கள் வீட்டில் கோயிலுக்கு யார் போனாலும் அர்ச்சனை அண்ணன் பெயருக்குத்தான்; அந்தப் பழக்கத்தில் கை அவன் பெயரை அடித்துவிட்டது.

ஐந்தாம் தளத்தில் ஒரு பூதம் அடித்து உயிர்க்கணக்கு மூன்று புள்ளியாகக் குறைந்தபோதுதான் எனக்கு அந்தக் கல்லறை ஞாபகம் வந்தது. பக்கத்தில் தெரிந்த ஒரு கடைக்குள் ஓடி, அங்கே கிடந்த மருந்தை விலை கேட்காமல் எடுத்துக் குடிக்கவைத்தேன். உயிர் ஏறியது. கடைக்காரன் வாசலை மறித்து நின்றுகொண்டான். விலை நூற்றிருபது பொன். அண்ணனிடம் இருந்தது நாற்பத்தொன்று, விற்கவும் ஒன்றுமில்லை.

“ஓடிரு, ஏட்டி!” என்றாள் பேச்சி.

“எங்க ஓட? செவுரத் தோண்டிப் போனாலும் தொரத்தி வந்து கொன்னுருவான்” என்றார் அண்ணாச்சி. “விலையக் கேக்காம யாரு உன்னிய மருந்தக் குடிக்கச் சொன்னா?”

“அண்ணாச்சி, அது எங்க அண்ணன் பேரு” என்று அழுதுவிட்டேன்.

பேச்சியின் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏ பிள்ள, அழாத. இப்படியே நிறுத்தி வச்சிரலாம். ஆனா திரும்பத் தொறந்தா இந்தப் பதிவ அதுவே அழிச்சிரும். பொறவு ஆடித்தான் ஆவணும்.” அதை ஒரு ‘பிளாப்பி’யில் ஏற்றி, மேலே அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. காலில் பனி கடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் பிழைப்பேனா என்று கிடந்ததாகவும், ஏதோ ஒரு மருந்தில் தேறிவிட்டதாகவும் எழுதியிருந்தான். எந்த மருந்து, எந்த நாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

வகுப்பு நடந்த அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. முருகையா அண்ணாச்சி எங்கே போனார் என்று தெரியவில்லை. பச்சை எழுத்துத் திரையை எங்கும் காணோம். அண்ணன் ஓய்வுபெற்று சிவகிரியில் இருக்கிறான். அவன் போனை எடுக்கத் தாமதமானால் என் கால் தானாக அந்தப் பிளாப்பியை வைத்திருக்கும் பீரோ பக்கம் போகும்.

போன மாதம் அவன் மகன் வந்து, “அத்தை, அந்த கேம இன்னும் ஒலகம் பூரா ஆடுதாங்க. பிளாப்பி படிக்கிற டிரைவும் கிடைக்கி. தொறந்து பாப்பமா?” என்றான். ஏன் ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது வெறும் எழுத்தைத்தான் காட்டும். பூதத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அவனைத் திட்டி அனுப்பினேன். விஷயம் கேட்டு அண்ணன் போனில் சிரித்தான்: “நான் பாட்டுக்கு அங்கனயே நிக்கேன், விடு.”

நிற்கட்டும். பீரோவில், பட்டுச்சேலை மடிப்புக்குள், ஐந்தாம் தளத்துக் கடையில் அவன் நிற்கிறான். வாசலில் கடைக்காரன். கையிலிருக்கும் நாற்பத்தொன்றையும் கொடுத்தால்கூட, பாக்கி எழுபத்தொன்பது பொன்.